கரண்டி கேட்ட பவளம் அம்மா

கொட்டாஞ்சேனையில் என் வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சாப்பாட்டுக் கடை திறந்தார்கள். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை, போய் உட்கார்ந்தேன். ஒருவரும் கிட்ட வரவில்லை. மேசையில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கட்டம் ஒட்டியிருந்தது. அதைப் போனில் படம்பிடித்தால் கடையிலுள்ள சாப்பாடெல்லாம் போனில் வரும், விரலால் தொட்டதும் உள்ளே அடுப்பில் ஏறிவிடும் என்றார்கள். என்னிடமுள்ள போன் கதைப்பதற்கு மட்டும்தான் சம்மதிக்கும். பசியோடு அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, முன்பு என்னோடு வேலை செய்த ஒருவர் உள்ளேயிருந்து என்னைக் கண்டு ஓடிவந்தார். அவரோடு இன்னும் இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "அண்ணே, இந்தக் கட்டம் இல்லாத காலத்துல நீங்கல்லாம் நாள் முழுக்க நின்னுக்கிட்டு என்னதான் செஞ்சீங்க?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். வெயிட்டர் வேலை என்றால் நிற்பதுதான். ஆனால் சும்மா நிற்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கொழும்புக்கு வந்தவன். பெயர் பெரியசாமி. முதலில் கொட்டாஞ்சேனையில் ஒரு சோத்துக் கடையில் இருந்தேன். பிறகு கோட்டைப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலில், விருந்து மண்டபத்தில். சோத்துக் கடை கைக்குச் சூடு தாங்கப் பழக்கியது, ஹோட்டல் முகத்துக்குச் சூடு தாங்கப் பழக்கியது. பயிற்சி என்று சொன்னால் அவ்வளவுதான். உண்மையில் தொழில் பழகியது அதற்குப் பிறகு, வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையிலிருந்த பிலிப்பைன்ஸ் சாப்பாட்டுக் கடையில்.

கடைக்காரி லூர்து. பிலிப்பைன்ஸ்காரி. கொட்டாஞ்சேனைத் தமிழரான கப்பல் எஞ்சினியர் ஒருவரைக் கட்டி இங்கே வந்தவர். கணவர் காலமான பிறகு, இருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் சில மேசைகளைப் போட்டு, தன் ஊர்ச் சாப்பாட்டை விற்கத் தொடங்கினார். நாங்கள் எல்லோரும் அவரை ஆத்தே என்றுதான் கூப்பிடுவோம். அவர்கள் மொழியில் அக்கா என்று அர்த்தம். தமிழை மாமியாரிடமும் சிங்களத்தைச் சந்தையிலும் படித்தவர். பெரியசாமி என்ற நீளமான பெயர் அவர் வாயில் நிற்கவில்லை, சாமி என்று வெட்டிவிட்டார். "சாமி, மேசையைத் துடை" என்று அவர் கூப்பிடும்போது, பக்கத்தில் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருக்கும் வெள்ளவத்தை ஐயாமார் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள்.

வேலை கேட்டுப் போன நாள் மத்தியான நேரம். ஆத்தேயும் சமையற்காரரும் ஒரு மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் ஆத்தே, "வாங்க, சாப்பிடுவோம்" என்றார். எங்கள் தோட்டத்தில் சாப்பிடக் கூப்பிட்டவர் வீட்டில் சாப்பிடாமல் திரும்பினால் பகை. நான் நேரே போய்க் கை கழுவி, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆத்தே தன் தட்டிலிருந்த மீனைப் பாதியாகப் பிய்த்து எனக்கு வைத்தார். நல்ல மீன். வஞ்சகமில்லாமல் சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடிந்த பிறகுதான் சமையற்காரர் விளக்கினார். அவர்கள் ஊரில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் எவரும், தெருவில் போகிறவரைக்கூடச் சாப்பிட வரும்படி கூப்பிடுவார்களாம். அது மரியாதை. கூப்பிடப்பட்டவர், இருக்கட்டும், வயிறு நிறைந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். அதுவும் மரியாதை. நான் முதலாளியின் மீனை முள் மிச்சமில்லாமல் தின்றிருந்தேன். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஆத்தே கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு எனக்கு முதல் பாடம் சொன்னார்.

"சாமி, முதல் தரம் கூப்பிட்டா மரியாதை. ரெண்டாம் தரம் கூப்பிட்டா பாசம். மூணாம் தரம் கூப்பிட்டா மட்டும்தான் கதிரைய இழுக்கணும். நான் மூணாம் தரம் சும்மா யாரையும் கூப்பிட மாட்டேன். கூப்பிட்டும் வரலன்னா எனக்கு வெளிய காட்ட முகம் இல்ல."

அதன் பிறகு எத்தனையோ வருடம் அங்கே இருந்தேன். ஆத்தே மூன்றாம் தரம் கூப்பிட்டு நான் பார்த்தது மிகச் சிலரைத்தான்.

ஆத்தேயோடு வேலை செய்பவன் அவருடைய முகத்தைப் படிக்கப் பழக வேண்டும். அவர் விரல் நீட்டி எதையும் காட்ட மாட்டார், உதட்டைக் குவித்துக் காட்டுவார். மூன்றாம் மேசைக்குத் தண்ணீர் என்றால் மூன்றாம் மேசைப் பக்கம் உதடு குவியும். புதிதாக வேலைக்கு வந்த ஒருவர், முதலாளியம்மா தனக்கு முத்தம் தருகிறார் என்று பயந்து மறுநாள் வேலைக்கு வரவில்லை. இன்னொன்று, ஆமாம் என்பதற்கு அவர் வாய் திறக்க மாட்டார், புருவத்தை மட்டும் உயர்த்துவார். மீன் இருக்கிறதா என்று கேட்கும் வாடிக்கையாளருக்குப் புருவம் உயரும். அவர், "கேட்டதுக்குப் பதில் சொல்லாமல் முழிக்கிறா" என்று கோபித்துக்கொண்டு போகப் பார்ப்பார். நான் ஓடிப்போய், "இருக்குதுங்கய்யா, இருக்குது" என்று புருவத்தைத் தமிழாக்கம் செய்வேன். தம்பிமாரே, உங்கள் கட்டத்துக்குப் புருவம் இருக்கிறதா?

வாடிக்கையாளர்களையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் துறைமுகத்திலிருந்து பிலிப்பைன்ஸ் கப்பற்காரர்கள் வருவார்கள். மற்ற நாட்களில் வெள்ளவத்தைத் தமிழர்கள். எங்கள் கடையில் மீனைப் போட்டுப் புளிப்பாக ஒரு சூப் வைப்போம். அதைக் கொடுத்தால் நம்மவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு, ரசம்தான், ஆனால் மிளகைப் போட மறந்துவிட்டார்கள் என்று தீர்ப்புச் சொல்வார்கள். பிறகு அதைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, இன்னும் ஒரு கோப்பை கேட்பார்கள். வினாகிரியும் உள்ளிப்பூண்டும் போட்டு வேகவைத்த கோழியைச் சாப்பிட்டுவிட்டு, நல்லாயிருக்கு, கறித்தூள் போட்டிருந்தால் இன்னும் நல்லாயிருக்கும் என்பார்கள். தூள் போட்டால் அது கோழிக்கறி, அதற்கு அவர்கள் வீட்டிலேயே இருந்திருக்கலாம். இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. வெயிட்டருக்கு வாய் இருப்பது சிரிப்பதற்கு.

இனி, கஷ்டமான கதைக்கு வருகிறேன்.

ஆத்தேக்கு ஒரே மகள், அஞ்சலின். வங்கியில் வேலை. அதே வங்கியில் வேலை செய்த பிரணவன் என்ற பிள்ளைக்கும் அவளுக்கும் மனம் ஒத்துப்போயிற்று. பிரணவன் வீட்டார் யாழ்ப்பாணத்தார், வெள்ளவத்தையில் சாறிக்கடை வைத்திருந்தவர்கள். தாயார் பவளம் அம்மா. அந்த வீட்டில் பவளம் அம்மா சொன்னால் சொன்னதுதான். தகப்பனார் நடராசா ஐயா நல்ல மனிதர், வீட்டில் அவர் கதைத்ததைக் கேட்டவர்கள் குறைவு. பவளம் அம்மாவுக்கு அஞ்சலின் மேல் கோபமெல்லாம் இல்லை. வேறு சமயம், வேறு தேசத்துத் தாய், லண்டனிலும் கனடாவிலும் இருக்கும் சொந்தம் என்ன சொல்லும், பேரப்பிள்ளை எந்தப் பாசையில் அழும் என்ற கவலைகள்தான். அதோடு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெண்ணின் சாதகம் வந்து பொருந்தியும் இருந்தது. மாதம் முடிவதற்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். பிரணவன் கெஞ்சிக் கூத்தாடி, பதில் சொல்வதற்கு முன் ஒரு தடவையாவது அஞ்சலின் வீட்டைப் பார்க்கும்படி கேட்டிருந்தான்.

ஒரு ஞாயிறு பவளம் அம்மா கணவரோடு வந்தார். ஆனால் வீட்டுக்கு அல்ல, கடைக்கு. மாடிப்படிப் பக்கம் திரும்பவேயில்லை. மேசையில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நாங்கள் சும்மா சாப்பிடத்தான் வந்தனாங்கள். கரண்டி இருக்கோ?" என்று கேட்டார்.

கொண்டுவந்து கொடுத்தேன். புளிச் சூப்பைக் கரண்டியால் குடித்தார். சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டார். மீன் முள்ளை முள்ளுக்கரண்டியால் எடுக்கும் யாழ்ப்பாணத்துப் பெண்ணை என் சீவியத்தில் அன்றுதான் பார்த்தேன். நடராசா ஐயா பாவம், பழக்கதோஷத்தில் மீனுக்குக் கையை நீட்டினார். பவளம் அம்மா பார்த்த பார்வையில் கை தானாகத் திரும்பிவந்து கரண்டியைப் பிடித்தது.

இதையெல்லாம் கதவோரத்தில் நின்று பார்த்த ஆத்தேக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பிலிப்பைன்ஸ்காரர்கள் அன்றாடம் சாப்பிடுவது கரண்டியாலும் முள்ளுக்கரண்டியாலும்தான். "பார் சாமி, எங்கள மாதிரியே சாப்பிடுறாங்க. எவ்வளவு மரியாதை" என்று என் காதில் சொன்னார். நான் காலித் தட்டுகளை எடுக்கப் போய்விட்டேன். அடுத்த ஞாயிறும் வந்தார்கள். அன்றும் கரண்டி. போகும்போது, பார்த்துச் சொல்கிறோம் என்று பொதுவாக ஒரு சொல். சூப்பை மட்டும் இரண்டு கோப்பை குடித்திருந்தார்.

அன்று பின்னேரம் அஞ்சலின் சமையலறையில் என்னிடம் வந்து நின்றாள். இரண்டு தரம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள், ஆனால் வீட்டில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்று பிரணவன் சொல்கிறான், உங்களுக்கு ஏதாவது விளங்குகிறதா என்று கேட்டாள். கண் சிவந்திருந்தது. அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். நம் ஆட்களில் பெண் வீட்டில் கை நனைத்தால் சம்மதம் என்று பொருள். சம்மதமில்லாதவரைக்கும் பச்சைத் தண்ணீர்கூடத் தொடாமல் எழும்பிப் போகிறவர்கள் உண்டு. கரண்டியால் சாப்பிட்டால் கை நனையாது. கடைக்கு வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள், அவ்வளவுதான். பவளம் அம்மா சூப்பையும் விடாமல், சம்மதத்தையும் கொடாமல் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்.

அஞ்சலின் தாயிடம் போய்ச் சொன்னாள். ஆத்தே என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார்.

"அப்போ அந்தம்மா ரெண்டு தரம் வந்து, ரெண்டு தரமும் இல்லன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. நான் சந்தோசமா சிரிச்சுக்கிட்டு நின்னிருக்கேன்."

"இல்லன்னு சொல்லலீங்க ஆத்தே. ஆமான்னு சொல்லாம இருக்காங்க" என்றேன்.

ரயில் ஒன்று போய், அலுமாரியிலிருந்த கோப்பைகள் எல்லாம் கலகலத்து அடங்கின. பிறகு ஆத்தே, "ஞாயிறு அவங்கள நான் கூப்பிடுறேன். கமாயான் போடு. கடையில ஒரு கரண்டி இருக்கக் கூடாது" என்றார்.

கமாயான் என்பது அவர்களுடைய பெரிய விருந்து. தட்டில்லை, கரண்டியில்லை, எல்லோரும் கையால் சாப்பிடுவது. அதற்கு மேசை தயார் செய்வது ஒரு தனி வேலை. பக்கத்திலுள்ள பாமன்கடைப் பகுதியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் வாழையிலை வெட்டுவோம். காற்றில் கிழிந்த இலை உதவாது. நடு நரம்பைச் சீவி எடுத்து, இலையை அடுப்புச் சுவாலைக்கு மேலே நிதானமாக இழுக்க வேண்டும். நிறம் ஆழ்ந்து, மினுங்கி, துணிபோல மடங்கும்போது எடுத்துவிட வேண்டும். ஒரு கணம் பிந்தினால் கருகும். பிறகு ஈரத் துணியால் துடைத்து, மேசை முழுவதும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி விரித்து, நடுவில் நீளத்துக்குச் சோற்றைக் குவித்து, அதன்மேல் சுட்ட மீன், இறால், கத்தரிக்காய், உப்பு முட்டை, தக்காளி என்று அடுக்குவோம். அன்று பன்றியும் மாடும் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முன்பே ஆத்தே ஒதுக்கிவிட்டார்.

எல்லாம் அழகாகத்தான் இருந்தது. எனக்குத்தான் பயம். ஒரே இலை, ஒரே சோற்றுக் குவியல், அதில் ஐந்து பேரின் கை. நம் பந்தியில் ஒருவர் இலைச் சோறு மற்றவர் இலையில் பட்டாலே எச்சில். பவளம் அம்மா வாசலோடு திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். அதனால் ஒருவரையும் கேட்காமல் ஒரு வேலை செய்தேன். நீளமான பயித்தங்காய்களைப் பொரிக்கச் சொல்லி வாங்கி, சோற்றுக் குவியலை ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொருவர் பங்குக்கும் நடுவில் நேராக அடுக்கிவைத்தேன். ஆத்தே வந்து பார்த்தார்.

"இது என்ன?"

"வேலிங்க. இல்லன்னா அவங்க உக்கார மாட்டாங்க."

ஆத்தே புருவத்தை உயர்த்தினார். சம்மதம்.

வந்தார்கள். பவளம் அம்மா இலை விரித்த மேசையைப் பார்த்து நின்றுவிட்டார். சாறிக்கடைக்காரர் அல்லவா, இலையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து உரசிப் பார்த்தார். நல்ல துணி என்று சொல்லுமாப்போலத் தலை மெல்ல அசைந்தது. பிறகு என் பக்கம் திரும்பி வழமைபோலக் கரண்டி கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். கரண்டிகள் எல்லாம் ஒரு பையில் கட்டி மாடியில், ஆத்தேயின் கட்டிலுக்கடியில் இருந்தன.

"கரண்டி இல்லம்மா. வாங்க, சாப்பிடுவோம்" என்றார் ஆத்தே.

பவளம் அம்மாவின் முகம் இறுகியது. தாங்கள் சாப்பிட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். மத்தியானம் சாப்பிட வரும்படி கூப்பிட்டு வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்தார்களாம். நடராசா ஐயா மீனை ஏக்கத்தோடு பார்த்ததிலேயே அந்தக் கதை பொய் என்று தெரிந்தது. ஆத்தே இரண்டாம் தரம் கூப்பிட்டார். வேண்டாம், இன்னொரு நாளைக்குப் பார்ப்போம் என்றார் பவளம் அம்மா. பிரணவன் தலையைக் குனிந்துகொண்டான். அஞ்சலின் தாயின் கையைப் பிடித்தாள், இனிப் போதும் என்பது போல.

ஆத்தே இனிக் கூப்பிட்டால் அது மூன்றாம் தரம். அதற்கும் வராவிட்டால் இந்த அம்மாவின் முகத்தில் இனி முழிக்கமாட்டார், மகளின் கதையும் அத்தோடு முடிந்தது. கூப்பிடாமல் விட்டாலும் முடிந்ததுதான். ஆத்தே மகளின் கையை விலக்கிவிட்டு, மாமியாரிடம் படித்த தமிழில் நிதானமாகச் சொன்னார்.

"வாங்கம்மா. வந்து சாப்பிடுங்க."

பவளம் அம்மா மேசையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பார்வை சோற்றில் போய், மீனில் போய், கடைசியாகத் தன் பங்குக்கும் ஆத்தே பங்குக்கும் நடுவிலிருந்த பயித்தங்காயில் போய் நின்றது.

"இந்த வேலி ஆர் போட்டது?"

"நாந்தாங்கம்மா."

"என்ர பக்கம் ஒதுக்கிப் போட்டிருக்கிறீர்."

யாழ்ப்பாணத்து ஆட்களிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், வேலியில் மட்டும் கைவைக்கக் கூடாது. ஒரு தென்னோலைக் கிடுகு அகலம் வேலி தள்ளிப்போனதற்காக வழக்குப் போட்டுக் கோடு கச்சேரி ஏறி, இரண்டு தலைமுறை முகம் பாராமலிருந்த அயலவர்களின் கதையை வெள்ளவத்தையில் எந்தத் தேத்தண்ணிக் கடையிலும் கேட்கலாம். நான் அளந்துதான் வைத்தேன். ஆனால் மீன் தலை சரிந்து, பயித்தங்காய் உண்மையாகவே அவர் பக்கம் கொஞ்சம் தள்ளியிருந்தது. பவளம் அம்மா குனிந்து, கையை நீட்டி, அந்த வேலியை ஆத்தே பக்கம் நகர்த்திவைத்தார்.

ஆத்தேக்கு வேலிச் சண்டையும் தெரியாது, வழக்கும் தெரியாது. தன் பக்கம் வந்த பயித்தங்காயை எடுத்துக் கடித்துச் சாப்பிட்டுவிட்டார்.

வேலி போய்விட்டது. இரண்டு பங்கும் ஒரே சோறாகக் கிடந்தன. பவளம் அம்மா தன் விரல்களைப் பார்த்தார். எண்ணெயும் இரண்டு சோற்றுப் பருக்கையும் ஒட்டியிருந்தன. அப்போதுதான் நடராசா ஐயாவின் குரலை நான் முதல்முதலாகக் கேட்டேன்.

"பவளம், கை நனைஞ்சிட்டுது."

"தெரியும்" என்றார் பவளம் அம்மா. "நீங்கள் இருந்து சாப்பிடுங்கோ."

ஐயா அதற்காகவே காத்திருந்தவர்போல உட்கார்ந்தார். தெரியாமல் பட்ட கையா, தெரிந்தே நீட்டிய கையா என்று நான் இன்றைக்கும் யோசிப்பதுண்டு. கல்யாணத்தன்று பவளம் அம்மாவிடமே துணிந்து கேட்டும் பார்த்தேன். "வேலி விசயத்தில நான் யோசிச்சுச் செய்யிறதில்லை" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

விருந்தன்று பவளம் அம்மா சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்திருக்க வேண்டும். மீன் முள்ளெல்லாம் விரலுக்குச் சொன்னபடி கேட்டது. இடையில் ஆத்தேயிடம் சூப்புக்கு மிளகு போடும் விதத்தையும் சொல்லிக் கொடுத்தார். கடைசியில் நடுவில் கொஞ்சம் சோறும், உதிர்ந்த மீனும், கத்தரிக்காயும், முட்டையும் மிஞ்சிக் கிடந்தன. பவளம் அம்மா அதையெல்லாம் தன் முன்னால் இழுத்து, சூப்பின் அடியை ஊற்றி, ஒரே கையால் குழைக்கத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் தாய்மார் பிள்ளைகளைச் சுற்றி இருத்திக் குழைத்துக் கொடுக்கும் சோறு அது. எச்சிலாவது ஒன்றாவது. முதல் திரணையை உருட்டி, "இந்தா பிள்ளை" என்று அஞ்சலினிடம் நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். அடுத்தது ஆத்தேக்கு. ஆத்தே அதை வாயில் வைத்துவிட்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்தார். பிறகு பிரணவனுக்கு, பிறகு ஐயாவுக்கு.

நான் சுவரோரம் நின்றேன். விருந்தாளிகள் முன்னால் வெயிட்டர் வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது. அது கோட்டை ஹோட்டலிலும் சட்டம், ஆத்தே கடையிலும் சட்டம். பவளம் அம்மா திரும்பி, ஒரு திரணையை என் பக்கம் நீட்டினார்.

"இருக்கட்டுங்கம்மா. வயிறு நெறைஞ்சிருக்கு" என்றேன், முதல் நாள் படித்த பாடத்தின்படி.

"உங்கட முதலாளி மாதிரி மூண்டு தரம் கேக்க எனக்கு ஏலாது. கையை நீட்டும்."

ஆத்தேயைப் பார்த்தேன். அவர் உதட்டைக் குவித்து, காலியாயிருந்த கதிரையைக் காட்டினார்.

கையை நீட்டினேன். எத்தனையோ பந்திக்குப் பரிமாறியவன், பந்தியில் உட்கார்ந்தது அன்று ஒருநாள்தான். சோற்றுக்குள் ஒரு முள் கிடந்தது. அதையும் சேர்த்து விழுங்கிவிட்டேன்.